சொந்தமில்லாத இரண்டு சொற்கள்

அக்காவுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரே பெயர்தான்: அகராதி. வேலையிடத்தில் அது மரியாதைப் பெயர். சொற்களின் வேர்களைத் தேடித் தொகுக்கும் நிறுவனம் ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பே உதவியாளராகச் சேர்ந்து, துணைப் பதிப்பாசிரியர் நாற்காலி வரை வந்தவள் அவள். வீட்டில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசியவளை, "அகராதி பிடிச்சவ" என்று அம்மா வைதது அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டு அர்த்தமும் அவளுக்குப் பொருந்தும் என்று தங்கை சிட்டு சொல்வாள். சிட்டு சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அப்படி ஒரு குரல் அவளுக்கு.

அகராதியின் வேலையை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். சமஸ்கிருதம், பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்து, பிறகு பாகம் பிரிந்து போன குடும்பம். யாருடைய சொல் யாருக்குப் பங்காளி, யார் இரவல் வாங்கிவிட்டுச் சொந்தம் கொண்டாடுகிறார் என்று விசாரிப்பதுதான் அவள் வேலை. மூன்றாவது மாடியில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒரு சொல்லோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவாள். கடைசியில் மூன்று வரி எழுதுவாள். அந்த மூன்று வரியில் கட்டாயம் ஒரு 'இருக்கலாம்' இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் செங்கல் கனத்தில் வெளிவந்து, நூலகங்களுக்குப் போய், அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் யாராவது அதை இறக்கிப் பார்த்தார்களா என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை, சிட்டு வானொலிக்குப் போகும்வரை.

சிட்டு படிப்பைப் பாதியில் விட்டவள். தொலைபேசி நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் வசவைக் காதில் வாங்கிக்கொண்டு "புரியுது சார், உடனே பாக்கறோம்" என்று சொல்லும் வேலை. ஒருநாள் அப்படி வைய வந்தவர் வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி அமைப்பாளர். பத்து நிமிடம் வைது தீர்த்தபின், "உங்க குரல் நல்லா இருக்கே, எங்ககிட்ட வந்து பேசறீங்களா?" என்று கேட்டார். என்ன பேசுவது என்று சிட்டுவுக்குத் தெரியவில்லை. அக்காவிடம் ஓடி வந்தாள்.

"நீ சொல்லுவியே அக்கா, சொல்லுக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்கன்னு. அதையே சொல்லட்டுமா? தினம் காலையில அஞ்சு நிமிஷம்தான்."

"சொல்லேன். யாரு வேண்டாம்னா?" என்றாள் அகராதி. அன்று உண்மையிலேயே அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஏற்பாடும் சுலபமாக அமைந்தது. சிட்டு எழுதி அனுப்புவாள், அகராதி பார்த்துத் திருத்தி அனுப்புவாள். ஆனால் ஒலிபரப்பில் ஒன்று மட்டும் காணாமல் போய்விடும். அக்கா எங்கெல்லாம் 'இருக்கலாம்' போட்டாளோ, அங்கெல்லாம் சிட்டு அதை விழுங்கிவிட்டு வாசிப்பாள்.

"இருக்கலாம் இருக்கலாம்னு சொன்னா கேக்கறவங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க அக்கா," என்பாள்.

அவர்கள் போகவில்லை. நிகழ்ச்சி பற்றிக்கொண்டது.

கடிகாரக் கடை வைத்திருந்த அகராதியின் கணவர், காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக வானொலியைத் திருகினார். "உன் தங்கச்சி இன்னைக்குப் பின்னி எடுத்துட்டா போ," என்று மத்தியானம் போன் பண்ணிச் சொல்வார். அவள் நிறுவனம் தொகுத்த அகராதியில் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியவரில்லை. எழுத்து பொடியாக இருக்கிறதாம். கடிகாரத்துக்குள் இருக்கும் பல்சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது, பெண்டாட்டி எழுதியது தெரியவில்லை.

அதையும் அவள் சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டாள். முதல் முள் தைத்தது பல் மருத்துவரிடம்தான். கடைவாய்ப் பல்லுக்காகப் போயிருந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சும் குழாயும் திணித்து, மருத்துவர் குடைய ஆரம்பித்த நேரம் பார்த்து, சுவரிலிருந்த பெட்டியில் சிட்டுவின் குரல் வந்தது. அன்றைய சொல் பல். சமஸ்கிருதத்தில் தந்தம், லத்தீனில் தென்ஸ், ஆங்கிலத்தில் டூத், எல்லாம் ஒரே வேர். அந்த வேருக்கு அர்த்தம் 'தின்பவன்' என்று சிட்டு சொன்னாள். அகராதி 'என்று கருத இடமுண்டு' என்று எழுதித் தந்திருந்தாள். அது போன இடம் தெரியவில்லை.

"எவ்வளவு அழகாச் சொல்றாங்க பாத்தீங்களா," என்றார் மருத்துவர், அவள் வாய்க்குள் பார்த்தபடியே. "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கே தெரியாது. இந்தம்மாவுக்கு எவ்வளவு அறிவு இருக்கணும்!"

அகராதி ஏதோ சொல்ல வந்தாள். "ஆ" என்றுதான் வந்தது.

"வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றார் அவர்.

வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவளுக்குப் பல்வலி போய்விட்டது, வேறொன்று வந்துவிட்டது. நான் உலை வைத்து வடித்ததை இவள் பரிமாறிப் பேர் வாங்குகிறாளே என்று மனசு கிடந்து புழுங்கியது. சொந்தத் தங்கை மேல் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். கடிந்துகொண்ட கையோடு மறுபடியும் நினைத்தாள். அதிலிருந்து சிட்டுவின் பேச்சை அவள் கேட்ட விதமே மாறிப்போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடினாள். உச்சரிப்பில் ஒரு பிசகு கிடைத்தால் அன்று மதியச் சாப்பாடு ருசித்தது. எதுவும் கிடைக்காத நாளில், எதிர் மேசை உதவியாளரின் பேனா மூடி தரையில் விழுந்த சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பதிப்பாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த தொகுதி அச்சுக்குப் போகும் நேரம். அதில் பாதிக்கு மேல் அவள் எழுதியது. முன்னுரையைத் தன்னையே எழுதச் சொல்வார் என்று அவள் நினைத்துக்கொண்டு போனாள். மனசுக்குள் முதல் பத்தியைக்கூட அமைத்துவிட்டாள்.

"உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்," என்று தயங்கினார் பதிப்பாசிரியர். "முன்னுரை உங்க தங்கச்சி எழுதினா நல்லா இருக்கும்னு குழுவில சொல்றாங்க. புத்தகம் நாலு பேர் கைக்குப் போகும். நீங்க கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாங்க இல்ல?"

"சொல்லமாட்டா," என்றாள் அகராதி. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

சிட்டு போனில் துள்ளினாள். "என்னையா? உங்க புத்தகத்துக்கா? அக்கா, எனக்குக் கை காலெல்லாம் ஓடல."

"எழுது. நல்லா எழுது," என்று சொல்லிவிட்டு அகராதி போனை வைத்தாள்.

அந்த வாரம் சிட்டு அனுப்பிய கட்டுரை ஒன்றில்தான் அந்த இரண்டு சொற்கள் இருந்தன. லத்தீனில் ஹபேரே, ஆங்கிலத்தில் ஹேவ். இரண்டுக்கும் அர்த்தம் 'வைத்திருப்பது'. ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று, ஆகவே கூடப்பிறந்தவை என்று சிட்டு எழுதியிருந்தாள். 'குடும்பம் பிரிந்தது, தேசம் பிரிந்தது, மொழி பிரிந்தது. என்னுடையது என்று வைத்துக்கொள்ளும் ஆசை மட்டும் பிரியவே இல்லை' என்று முடித்திருந்தாள்.

வேர் தேடும் தொழிலில் காலெடுத்து வைக்கும் எவரும் முதலில் விழுகிற குழி அது. லத்தீனில் 'க' என்று தொடங்கினால்தான் ஆங்கிலப் பங்காளி 'ஹ' என்று தொடங்கும். கொம்புக்குக் கோர்னு, ஹார்ன். நூறுக்குக் கெந்தும், ஹண்ட்ரட். நாய்க்குக் கனிஸ், ஹவுண்ட். ஒன்று பிசகாமல் அப்படித்தான். ஹபேரேயும் ஹேவும் இவ்வளவு ஒட்டிப்போகின்றன என்பதே அவை உறவில்லை என்பதற்கு அத்தாட்சி. முகஜாடையைப் பார்த்துச் சொந்தம் சொன்னால் இந்தத் துறையில் மானம் போய்விடும்.

அகராதி சிவப்புப் பேனாவைத் திறந்தாள். அந்த வரியின் மேல் கொண்டுபோனாள். பிறகு மூடினாள். முன்னுரை எழுதப்போகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று உலகம் கேட்கட்டுமே. அறிஞர்கள் எழுதுவார்கள், நிலையத்துக்குக் கண்டனம் போகும், பதிப்பாசிரியர் தலையில் கை வைப்பார். பிறகு மறுபடியும் தன்னைக் கூப்பிடுவார். எல்லாவற்றையும் அவள் அந்த ஒரு நொடியில் பார்த்துவிட்டாள்.

'சரியாக இருக்கிறது' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள்.

ஒலிபரப்பான அன்று மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. தப்பென்று ஒரு குரலும் எழவில்லை. மாறாக, அதுவரை வந்ததிலேயே அதுதான் அருமை என்று ஊரே கொண்டாடியது. அவள் கணவர் கடை வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கடைசி வரியைச் சொல்லிக் காட்டினார். அலுவலக லிப்டில் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர் மேசை உதவியாளர், மூன்றாண்டு லத்தீன் படித்தவர், அவரே "உருக்கிட்டாங்க மேடம்" என்றார். தப்பு செய்தாலும் இவளைத்தான் தலையில் தூக்கி வைப்பீர்களா? இத்தனை வருஷம் ஒரு தப்பும் வராமல் காத்த என்னைப் பற்றி எந்த லிப்டில் பேசினீர்கள்?

இரண்டு வாரம் கழித்து, முன்னுரையின் அச்சுப்படி அவள் மேசைக்கு வந்தது. பிழை பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு அவளுடையது. படிக்கத் தொடங்கியவள் முகத்தில் ஈயாடவில்லை. முன்னுரை முழுவதையும் சிட்டு அந்த இரண்டு சொற்களின் மேல்தான் கட்டியிருந்தாள். எல்லோரும் பாராட்டியதாயிற்றே. ஹபேரே, ஹேவ், பிரியாத ஆசை. அந்த வரியை அடித்தால் மிச்சம் ஒரு வணக்கமும் ஒரு நன்றியும்தான்.

அடிக்காவிட்டால்? அதே தொகுதியின் உள்ளே, அவளே எழுதிய பதிவு ஒன்று, இந்த இரண்டும் உறவில்லை என்று அழுத்தமாகச் சொல்கிறது. அவள் 'இருக்கலாம்' போடாமல் எழுதிய அபூர்வமான பதிவுகளில் அது ஒன்று. வாசலில் ஒரு பேச்சு, கூடத்தில் ஒரு பேச்சு என்று புத்தகம் தன் வாயாலேயே சிரிப்பாய்ச் சிரிக்கும். தங்கையைத் தள்ளிவிட அவள் தோண்டிய பள்ளம் அவள் மேசைக்கு அடியிலேயே வந்து நின்றது.

சொல்லாமல் இருக்க ஆன மட்டும் காரணம் தேடினாள். ஒன்றும் நிற்கவில்லை. அச்சுப்படியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் பஸ் ஏறினாள்.

நிலையத்துக்கு அவள் அதற்கு முன் வந்ததே இல்லை. ஒலிப்பதிவு அறைக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டு இருந்தாள். காதில் பெரிய ஹெட்போன், கையில் காகிதம். ஒரே வாக்கியத்தை நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சத்தம் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு இவ்வளவு பாடா என்று அகராதி நினைத்தாள். வாயைத் திறந்தால் கொட்டும் என்றல்லவா எண்ணியிருந்தாள்? அதற்கும் ஒரு பொறாமை வந்தது. தனக்கும் இப்படி ஒரு கண்ணாடி அறை இருந்திருந்தால், தான் படும் பாட்டையும் யாராவது வெளியே உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

வெளியே வந்த சிட்டு, அக்காவைப் பார்த்ததும் பயந்துபோனாள். "என்ன அக்கா, அத்தானுக்கு ஏதாவதா?"

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. இது விஷயமா வந்தேன்." அச்சுப்படியை நீட்டினாள். "ஹபேரேயும் ஹேவும் சொந்தமில்ல, சிட்டு. நீ எழுதினது தப்பு."

"நீதானே பாத்துட்டு சரின்னு அனுப்பின?"

"ஆமா."

"அவசரத்துல கவனிக்காம விட்டுட்டியா?"

கதவைத் திறந்து வைத்ததுபோல் இருந்தது அந்தக் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அகராதி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். ஹெட்போன் அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் சிவப்பாக இருந்தது.

"கவனிச்சேன்," என்றாள்.

சிட்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன்?"

"யாராவது உன்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு நினைச்சேன். யாரும் கேக்கல."

"என்னையா?" என்று மட்டும் கேட்டாள் சிட்டு. அழுவாள், கத்துவாள் என்று அகராதி எதிர்பார்த்தாள். சிட்டு பேனாவை எடுத்தாள்.

"சரி, அப்ப நிஜமான சொந்தம் யாரு? அதைச் சொல்லு."

அகராதி சொன்னாள். ஆங்கில ஹேவுக்கு லத்தீனில் பங்காளி காபெரே. அதற்கு 'பிடுங்கிப் பிடித்துக்கொள்' என்று அர்த்தம். லத்தீன் ஹபேரேக்கு ஆங்கிலத்தில் பங்காளி, பெரும்பாலோர் கருத்துப்படி, கிவ். அதாவது 'கொடு'. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு சொற்களில் ஒன்று பிடுங்குகிற வீட்டில் பிறந்தது, மற்றது கொடுக்கிற வீட்டில் பிறந்தது.

எழுதிக்கொண்டு வந்த சிட்டுவின் கை நின்றது.

"இது அதை விட எவ்வளவோ நல்லா இருக்கே," என்றாள் மெதுவாக. "இதையா என்கிட்ட சொல்லாம வச்சிருந்த? தப்பைச் சொல்லாம விட்டதுகூடப் பரவாயில்ல அக்கா. இதை எப்படி மனசு வந்து மறைச்ச?"

எழுதிய தாளை நாலாக மடித்தாள்.

"இனிமே உனக்கு அனுப்பல," என்று எழுந்தாள் சிட்டு. "முன்னுரைய நாளைக்கே மாத்தித் தர்றேன். நீ கிளம்பு. பஸ் போயிடும்."

சொன்னபடி மாற்றித் தந்தாள். ஒலிபரப்பிலும் திருத்தம் சொன்னாள். அந்த ஐந்து நிமிடத்தை அகராதி கணவரின் கடையில் நின்று கேட்டாள். "நான் தப்பாச் சொல்லிட்டேன். முகம் ஒத்துப்போனா சொந்தம்னு நினைச்சுட்டேன். இதைத் திருத்தினவங்க என் அக்கா. எனக்குத் தெரிஞ்ச எல்லாச் சொல்லும் அவங்க சொல்லிக் கொடுத்ததுதான்," என்றது குரல். அதில் குத்தல் இருக்கிறதா என்று அகராதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பாத்தியா, உன்னைப் பத்திச் சொல்லிட்டா," என்று கணவர் பூரித்துப்போய், கையிலிருந்த கடிகாரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி மேலேயே வைத்தார். அலுவலகத்தில் கை கொடுத்தார்கள். பல் மருத்துவர்கூட விசாரித்தாராம். இவ்வளவு காலம் ஏங்கிய பேர் அது. வந்து சேர்ந்தபோது, அடுத்த வீட்டு விலாசத்துக்கு வந்த பார்சலைப் பிரித்துவிட்டவள்போல் விழித்தாள்.

சிட்டுவின் கட்டுரைகள் வருவது நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற லத்தீன் ஆசிரியை ஒருவர் இப்போது பார்த்துத் தருகிறார் என்று கேள்விப்பட்டாள். "டீச்சரம்மா"வாம். அகராதி காலைகளில் மறுபடியும் தப்புத் தேடினாள். கிடைக்கவில்லை. டீச்சரம்மா கெட்டிக்காரி. போதாக்குறைக்கு, அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்காத சிட்டு, இப்போது அங்கங்கே 'இருக்கலாம்' சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அகராதிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தங்கையின் பேர் மேல் இருந்த பொறாமை எப்போது கழன்றது என்று தெரியவில்லை. அந்த இடத்தில், முகம் பார்க்காத ஒரு கிழவியின் மேல், அதை விடப் பெரிய பொறாமை வந்து உட்கார்ந்திருந்தது. என் தங்கைக்கு நான் சொல்ல வேண்டியதை இவள் யார் சொல்ல?

ஒருநாள் 'சக்கரம்' என்ற சொல் வந்தது. சக்கரமும் ஆங்கில வீலும் கூடப்பிறந்தவை, பார்த்தால் ஒரு எழுத்துகூட ஒட்டாது என்றாள் சிட்டு. அது அகராதிக்குத் தெரிந்ததுதான். ஆனால் சிட்டு தொடர்ந்து, அந்த வேர் எப்படி 'சுற்றிச் சுற்றி வருவது' என்ற பொருளில் ஓசை இரட்டித்து வந்தது என்பதை, சின்னக் குழந்தைக்கு நடை பழக்கும்போது 'நட நட' என்று சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வதோடு சேர்த்துச் சொன்னாள். இப்படி ஒரு விளக்கம் அகராதிக்குத் தோன்றியதே இல்லை. போனை எடுத்தாள். எடுத்த பிறகுதான் என்ன சொல்வது என்று யோசித்தாள்.

"சொல்லு," என்றாள் சிட்டு. எட்டு மாதத்துக்கு அப்புறம் அக்காவிடம் பேசிய முதல் சொல்.

"இன்னைக்குச் சொன்னியே, குழந்தை நடக்கிறது. அது டீச்சரம்மா சொன்னதா?"

"ஏன், தப்பா?"

"தப்பில்ல. நல்லா இருந்துச்சு. எனக்குத் தோணல அது."

"நான்தான் யோசிச்சேன்," என்றாள் சிட்டு. "டீச்சரம்மா வேண்டாம்னாங்க. நான் கேக்கல."

அகராதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அவங்களுக்கு உன்னைப் பாக்கணுமாம்," என்றாள் சிட்டு, இன்னும் விறைப்பாகவே. "உங்க அகராதி அத்தனை தொகுதியும் வரிவரியாப் படிச்சிருக்காங்க. உன் பதிவுகள்ல நாலஞ்சு இடத்துல சண்டை போடணுமாம். வர்றதுன்னா வா."

ஆசிரியையின் வீடு பழைய குடியிருப்பு ஒன்றின் தரைத்தளம். நாற்காலிகளிலெல்லாம் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. அகராதியின் தொகுதிகள் முதுகு உடைந்து, பக்கமெங்கும் பென்சில் கோடுகளோடு மேசைமேல் கிடந்தன. தன் எழுத்தை ஒருவர் இவ்வளவு அழுக்காக்கியிருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஆசிரியை சண்டையைத் தொடங்கிவிட்டார். அகராதி விட்டுக்கொடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே சிட்டு காகிதத்தோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நடுவில் சிட்டுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "டீச்சரம்மா, அப்ப இது இரவலா, சொந்தமா?" என்று கேட்டாள்.

முதலில் அவரைத்தான் கேட்டாள். அகராதி அதைக் கவனித்தாள். அந்தப் பழைய எரிச்சல் எழுந்தது. பதில் அவள் நுனி நாக்கில் இருந்தது. ஆசிரியை தன் பதிலைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதுல பாதிதான் சரி," என்று ஆரம்பித்தாள்.

சிட்டு தலை நிமிராமலே தாளைத் திருப்பிக்கொண்டாள். "மெதுவாச் சொல்லு அக்கா, எழுதணும்," என்றாள்.